கிராணி வீட்டுக் கல்யாண மசாலை

ஐப்பசி 9, திங்கள்
விடியலிலிருந்து மழை. கோத்தா திங்கி ஆறு கலங்கலா ஓடுது. பாசார்ச் சந்தையில பாதிக் கடை திறக்கல. என் மசாலைப் பலகை வழக்கம்போல கடைசியில, மீன் கழுவுற சாக்கடை ஓரம். நல்ல இடம் கேட்டதுக்கு நம்ம ஆளுங்களே, "அவ அங்கேயே இருக்கட்டும்"னுட்டாங்க. வாங்குறது மலாய்க்காரங்க, சீனவங்க. நம்ம சனம் முதல்ல கேக்கிறது, "நீங்க என்ன ஆளுங்க?" பொய் சொல்ல வாய் வரல. சொன்னா நடையைக் கட்டுறாங்க.
வாங்கணும்: மல்லி, சீரகம், வாழை இலை. மக செல்விக்குப் பாவாடை கிழிஞ்சிருக்கு.

10, செவ்வாய்
ரப்பர் தோட்டத்துல கணக்கெழுதுற பெரிய கிராணி வீட்டம்மா ஆள் விட்டாங்க. வெள்ளிக்கிழமை மகன் கல்யாணம். இருநூறு பேருக்குக் குழம்பு மசாலை. "பின்வாசல்ல வச்சிட்டுப் போயிடணும். யார் அரைச்சதுன்னு மூச்சு விடக்கூடாது." சரின்னுட்டேன்.
ரப்பர் விலை விழுந்து ஆள் குறைச்சப்ப, எல்லாரையும் கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பினாங்க. நான்தான் மாட்டேன்னு நின்னேன். புருஷனும் இல்ல. ஊர்ல என்ன, அதே சேரி. இங்க அம்மியாவது என்னுது.

12, வியாழன்
நேத்தும் இன்னைக்கும் அம்மிதான். உள்ளங்கை நெருப்பா எரியுது. பக்கத்துல பலகாரம் விக்கிற மலாய்க்கார மக் மீனா பாத்துட்டு, "அலமாக், கையா இது!" தானே தேங்காயெண்ணெய் தடவிவிட்டாங்க. அழுகை வந்திருச்சு. வலியிலன்னு நினைச்சுட்டாங்க.

13, வெள்ளி
விடியக்காலையில பின்வாசல்ல வச்சேன், வேலைக்காரி பாத்திரத்து மேல தண்ணி தெளிச்சுட்டுத்தான் தூக்கினா. மத்தியானம் காலிப் பாத்திரத்தை வாங்கக் கொல்லையில நின்னா பந்திப் பேச்சு கேக்குது.
"குழம்பு பிரமாதம்! மசாலை எங்க வாங்கினது?"
கிராணியம்மா குரல்: "சிங்கப்பூர்லேர்ந்து வரவழைச்சோம்."
வழியெல்லாம் செல்வி: "அது நம்ம மசாலைதானேம்மா?" அவ கையைப் பிடிச்சு வேகமா நடந்தேன்.

15, ஞாயிறு
மறுபடி ஆள். மறுவீட்டு விருந்து, ஆட்டுக்கறி. அதே பின்வாசல். "முடியாது. வேணும்னா அம்மா கடைக்கு வந்து கேக்கட்டும்." சொல்லிட்டேன். அப்புறம்தான் பயம் வந்துச்சு. கிராணி நினைச்சா இந்தப் பலகையும் போயிடும். செல்வி சோறு கேட்டா, கத்திட்டேன். பாவம்.

16, திங்கள்
தூறல். கிராணியம்மாவே வந்தாங்க, குடையோட, சாக்கடையைத் தாண்டி. பாசாரே பாக்குது.
"சம்பந்தி வீட்ல அதே மசாலைதான் வேணும்னுட்டாங்க. அரைச்சுத் தர்றியா?"
"முன்வாசலுக்குத்தான் கொண்டு வருவேன். கேட்டா என் பேரைச் சொல்லணும்."
சுத்திப் பாத்தாங்க. தலையை மட்டும் ஆட்டினாங்க.

17, செவ்வாய்
ராத்திரி தூக்கமே இல்ல. காலையில பானையோட முன்வாசல். கூடத்துல சம்பந்தி வீட்டாளுங்க காப்பி குடிச்சுக்கிட்டிருக்காங்க.
"யாரு இது?"
கிராணியம்மா நிலத்தைப் பாத்துக்கிட்டே, "மசாலை அரைக்கிற அஞ்சலை. கல்யாணத்துக்கும் இவதான் அரைச்சா."
என்னைப் பாசார்ல பாத்திருக்கிற ஒரு பெரியவர், "அன்னைக்கு ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்னேனே!"ன்னு துண்டை உதறி எழுந்து வெளியே போனாரு. பின்னாலேயே இன்னொருத்தர். மத்தவங்க டம்ளரைக் கீழ வைக்கல, என்னைப் பாக்கவும் இல்ல.
ஓடிடலாம் போல இருந்துச்சு. ஓடல. பானையை நீட்டிக்கிட்டே நின்னேன். கிராணியம்மா வேலைக்காரியைக் கூப்பிட வாயெடுத்தாங்க. கூப்பிடல. என் முகத்தைப் பாக்காமத்தான் வாங்கினாங்க. ஆனா தன் கையாலேயே வாங்கினாங்க.