ஆர்வம் காட்டாத மனுதாரர்

அனுப்புநர்:
அ. கோவிந்தராஜுலு (வயது 67),
நூற்பாலை மேற்பார்வையாளர் (ஓய்வு),
கள்ளிமடை, சிங்காநல்லூர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
நல்வாசல் பொதுச்சேவை இணையதளப் பிரிவு,
கோயம்புத்தூர்.

பொருள்: நல்வாசல் இணையதளம் லினக்ஸ் கணினிகளைத் திருப்பி அனுப்புவது – அது குறித்து என் மகள் கொடுத்த புகார் "மனுதாரர் ஆர்வம் காட்டவில்லை" என முடித்து வைக்கப்பட்டது – அவ்வரியை நீக்கிப் புகாரை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: செல்வி கோ. அக்ஷிதா, கள்ளிமடை, என்பவரின் இணையவழிப் புகார், ஜூன் 2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி புகாரைக் கொடுத்த அக்ஷிதா என் ஒரே மகள். சென்ற அக்டோபர் மாதம் டெங்குக் காய்ச்சலில் காலமாகிவிட்டாள். இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன். இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதால்தான் தங்களுக்கு இப்படியொரு மனு எழுதும்படி ஆயிற்று.

2. எங்கள் வீட்டுக் கணினி பழையது. புது விண்டோஸைத் தாங்காது என்று கடைக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். அதைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்று நான் சொன்னபோது, அக்ஷிதா அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டாள். கணினியை ஓட்டுவதற்கு விண்டோஸ் எப்படியோ அப்படித்தான் இதுவும். விலை கிடையாது, பழைய பெட்டியிலும் ஓடும் என்று விளக்கினாள். நான் ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. பழகிய படங்கள் எதுவும் பழகிய இடத்தில் இல்லை. பிரிண்டர் தன் இஷ்டத்துக்கு வேலை செய்தது. பழைய தமிழ் எழுத்துருவில் நான் தட்டச்சு செய்து வைத்திருந்த ஆலைச் சங்கக் கடிதங்கள் எல்லாம் கோழி கிளறிய குப்பை மாதிரி தெரிந்தன. ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தாள். பிரவுசரின் மேல்வரிசையில் எனக்கென்று பொத்தான்கள் வைத்து, "நைனா கரண்ட் பில்", "நைனா பேப்பர்", "நைனா, பயப்படாதே, இதை அழுத்து" என்று பெயர் போட்டாள். கடைசிப் பொத்தானை அழுத்தினால் அவளுடைய செல்பேசிக்குச் செய்தி போகும். அலுவலகத்திலிருந்து உடனே கூப்பிடுவாள்.

3. அவள் பீளமேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யார் வீட்டுப் பழைய கணினிக்காவது உயிர் கொடுக்கக் கிளம்பிவிடுவாள். எதிர் வரிசையில் மோட்டார் காயில் கட்டும் தம்பிதுரை என்பவருக்குப் போட்டுக் கொடுத்தாள். உக்கடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜன்னத் என்ற பெண்மணிக்கு மூன்று கணினிகளில் போட்டுக் கொடுத்தாள். ஊரோடு ஒத்து வாழ் என்று நான் சொன்னால், "ஊரை ஒருதரம் கேட்டுப் பார்க்கலாமே நைனா" என்பாள். அவளிடம் வாய் கொடுத்து நான் ஜெயித்ததில்லை.

4. சென்ற ஆண்டு மே மாதம் தங்கள் நல்வாசல் இணையதளம் புதுப்பிக்கப்பட்டது. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, சொத்து வரி எல்லாவற்றுக்கும் இனி இந்த ஒரே வாசல்தான் என்றார்கள். அன்று முதல் எங்கள் கணினியில் அதைத் திறந்தால், "தங்கள் பிரவுசர் ஏற்கப்படவில்லை, விண்டோஸ் கணினியில் முயலவும்" என்று ஒரே ஒரு வரி வருகிறது. கதவு அங்கேயே சாத்திக்கொள்கிறது. ஜன்னத் கடையில் சான்றிதழுக்கு வந்தவர்கள் வரிசையிலிருந்து கலைந்து அடுத்த கடைக்குப் போனார்கள். அவர் வேறு வழியின்றி ஒரு கணினியை விண்டோஸுக்கு மாற்றினார். மற்ற இரண்டும் துணி மூடிக் கிடக்கின்றன. தம்பிதுரையும் மாற்றிவிட்டார். "அம்மணி, எல்லாமே நல்லாத்தானுங்க ஓடுது. அந்த ஒரு வெப்சைட்டுக்காவத்தான் மாத்திப்போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்று எங்கள் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். மனிதர்கள் லினக்ஸை விட்டுப் போவது பெரும்பாலும் இப்படித்தான் என்று என் மகள் சொல்வாள். நூறு வேலை நடந்தாலும், நடக்காத அந்த ஒன்றுதான் கணக்கில் வரும்.

5. இதில் தாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. என் மகள் எங்கள் பிரவுசரில் ஏதோ ஒரு இடத்தை மாற்றி, "இது விண்டோஸ்" என்று தங்கள் இணையதளத்திடம் சொல்லும்படி செய்து பார்த்தாள். உடனே வாசல் திறந்தது. விண்ணப்பம், பணம் கட்டுதல், ரசீது எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தன. அதாவது உள்ளே எந்தத் தடையும் இல்லை. வாசலில் பெயரைக் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது இதுதான். இந்தச் சோதனையைப் படங்களோடு அவள் தன் புகாரில் இணைத்திருந்தாள். தங்கள் அலுவலகத்தில் யாராவது அதைத் திறந்து பார்த்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

6. "அப்படியே பொய் சொல்ல வைத்து விட்டுவிடேன், ஜன்னத்துக்கும் அதையே செய்து கொடு" என்று நான் சொன்னேன். மாட்டேன் என்றாள். "விண்டோஸ்னு சொல்லி உள்ள போனா, அவங்க கணக்குல லினக்ஸ்காரங்க ஒருத்தருமே இல்லைன்னு ஆயிடும் நைனா. அப்புறம் இல்லாதவங்களுக்கு எதுக்குக் கதவு வைக்கணும்னு கேப்பாங்க" என்றாள். மாற்றியதைப் பழையபடி ஆக்கிவிட்டு, ஜன்னத் கடை விண்டோஸ் கணினியில் உட்கார்ந்து, தன் சொந்தப் பெயரில் புகார் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று எனக்கு அது வீம்பாகத்தான் தெரிந்தது.

7. புகாரின் நிலையைக் காட்டும் பக்கம் மட்டும் எந்தக் கணினியிலும் திறக்கும். காய்ச்சல் வந்த அன்று காலை அவள் எங்கள் கணினியில் அந்தப் பக்கத்தையும் வேறு சில பக்கங்களையும் திறந்து வைத்திருந்தாள். மருத்துவமனைக்குப் போகும் அவசரத்தில் எதையும் மூடவில்லை. அவளுக்கான காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மின்சாரம் போய் வந்தது. நான் பிரவுசரைத் திறந்தேன். "முன்பு திறந்திருந்த பக்கங்களை மீட்கவா?" என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அவள் விட்டுப் போன பக்கங்கள் விட்டபடியே வந்து நின்றன: வாலாங்குளத்துப் பறவைகள் பற்றி ஒரு கட்டுரை, மைசூர் ரயில் நேரம், பாதி படித்த ஒரு சமையல் குறிப்பு, கடைசியாகத் தங்கள் பக்கம். "நிலை: பரிசீலனையில்." அன்றிலிருந்து தினமும் காலையில் அதைத் திறந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவா என்று கேட்கிறது; பிறகு, பிறகு என்று அழுத்திக்கொண்டிருக்கிறேன். அவள் இருந்தால் திட்டுவாள். புதுப்பித்தால் அந்தப் பக்கங்கள் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அவள் ஏதோ ஒரு வேலையைப் பாதியில் வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போயிருப்பதுபோல் அந்தத் திரை இருக்கிறது. வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, ஐயா.

8. சென்ற ஜனவரியில், பொங்கல் கழிந்து, அந்தப் பக்கத்தில் எழுத்து மாறியிருந்தது. "விண்டோஸ் நிறுவிக்கொள்ள அறிவுறுத்தப்படுகிறது. பலமுறை அழைத்தும் மனுதாரர் ஆர்வம் காட்டாததால் புகார் முடித்து வைக்கப்பட்டது." நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். என் மகளைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். பிடிவாதக்காரி என்று சொல்லலாம், நேரத்துக்குச் சாப்பிடாதவள் என்று சொல்லலாம். ஆர்வம் காட்டவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

9. பலமுறை அழைத்தது உண்மைதானா என்று அவளுடைய செல்பேசியை எடுத்துப் பார்த்தேன். அது சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சார்ஜில் இருக்கிறது. என் மனைவி ரங்கநாயகி அதை அணையவிடுவதில்லை. தங்கள் அலுவலக எண்ணிலிருந்து டிசம்பரில் அழைப்புகள் வந்திருந்தன. எல்லாமே பேசப்பட்டவை. என் மனைவியிடம் கேட்டேன். கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்துவிட்டுச் சொன்னார். மோகனப்பிரியா என்று ஒரு பெண், மிக மரியாதையாக, "அம்மா வணக்கமுங்க, நல்லாயிருக்கீங்களாங்க" என்று தொடங்கியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒருவர் நலம் விசாரித்தால், "நல்லாயிருக்கோமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மறுவார்த்தை. அப்படிச் சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தப் பெண், "அக்ஷிதா இருக்காங்களாங்க" என்று கேட்டிருக்கிறார். நல்லாயிருக்கோம் என்று சொன்ன அதே மூச்சில் என் மனைவியால் சாவைச் சொல்ல முடியவில்லை. "அம்மணி வெளிய போயிருக்குதுங்க. வந்ததும் பேசச் சொல்றேனுங்க" என்று சொல்லிவிட்டார்.

10. அடுத்த முறை அழைப்பு வந்தபோது, முன்பு சொன்னதை மாற்ற அவருக்குக் கூச்சம். "இன்னும் வரலீங்க கண்ணு" என்றிருக்கிறார். அதற்கடுத்த முறையும் அதையேதான். சொல்லச் சொல்ல, மகள் எங்கோ வெளியே போயிருப்பதாகவே அந்தச் சில நிமிடங்கள் இருந்தது என்று என்னிடம் சொன்னார். இந்தக் கதையைச் சொன்னபோது அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அந்த அம்மணி மோகனப்பிரியா மீது எங்களுக்கு எள்ளளவும் மனக்குறை இல்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறார். அவர் மீது நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம்.

11. புகாரை மீண்டும் திறக்கக் கோரும் விண்ணப்பத்தை எங்கள் கணினியில் போட முயன்றேன். பழைய வரிதான் வந்தது. கணினிப் பெட்டியை எடுத்துப்போய்க் காந்திபுரத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். "இதை அழிச்சுப்போட்டு விண்டோஸ் போட்டுக்கலாங்க சார், போட்டோவெல்லாம் எடுத்து வெச்சுத் தர்றேனுங்க" என்றார். திறந்திருக்கும் பக்கங்கள் திரும்ப வருமா என்று கேட்டேன். "அதையெல்லாம் யாருங்க சார் கேக்கறாங்க" என்று சிரித்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

12. பிறகு அக்ஷிதாவின் செல்பேசியோடு உக்கடத்துக்குப் போனேன். ஜன்னத் தன் விண்டோஸ் கணினியில் நல்வாசலைத் திறந்து கொடுத்தார். இரகசிய எண் என் மகளின் செல்பேசிக்கு வந்தது. எல்லாம் சரியாகப் போய்க் கடைசியில் ஒரு சிறு கட்டம்: "நானே மனுதாரர் என உறுதியளிக்கிறேன்." அதில் குறியிட்டால்தான் விண்ணப்பம் போகும். "போட்டுடுங்க அங்கிள், யாரு பாக்கப் போறாங்க" என்றார் ஜன்னத். அவரும் என் மகள் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். என் விரல் எழவில்லை. நானே அக்ஷிதா என்று சொல்லி உள்ளே போய்விட்டால், தங்கள் கணக்கில் அக்ஷிதா இருக்கிறாள் என்று ஆகிவிடும். போனவள் கணக்கில் வரமாட்டாள். அவள் அன்று வீம்பு பிடித்தது எதற்கென்று அந்தக் கட்டத்தின் முன் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன்.

13. இதற்கிடையே தங்கள் இணையதளத்திலிருந்து அவளுடைய எண்ணுக்குக் குறுஞ்செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. பிப்ரவரியில் அவள் பிறந்தநாள் அன்று, "அன்புள்ள அக்ஷிதா, நல்வாசல் தங்களை வாழ்த்துகிறது" என்று வந்தது. அந்த மணிச்சத்தம் கேட்டால் நாங்கள் இருவருமே ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.

14. ஆகவே, ஐயா, தங்களிடம் நான் வேண்டுவன:

அ. "மனுதாரர் ஆர்வம் காட்டாததால்" என்ற வரியை நீக்க வேண்டும். அந்த இடத்தில் "மனுதாரர் காலமானார், குறை தீரவில்லை" என்று உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். மனுதாரர் போய்விட்டதால் குறையும் போய்விட்டது என்று ஆகாது. எங்கள் கணினியில் இன்று காலையும் அதே வரிதான் வந்தது.

ஆ. அவள் இணைத்த சோதனைப் படங்களைத் தங்கள் தொழில்நுட்ப ஆட்கள் ஒருமுறையாவது திறந்து பார்த்து, வாசலில் பெயர் கேட்பதை நிறுத்த வேண்டும். ஜன்னத் கடையில் அந்த இரண்டு கணினிகளின் மேல் உள்ள துணியை எடுக்க அது போதும்.

இ. அவளுடைய எண்ணுக்குக் குறுஞ்செய்திகள் அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று இங்கே எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது என் மனைவி அதை அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டேன்.

ஈ. இம்மனு பற்றி விசாரிக்க வேண்டியிருந்தால் என் எண்ணுக்கு வேண்டாம், அக்ஷிதாவின் எண்ணுக்கே அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை உள்ளதைச் சொல்லிவிடுவதாக என் மனைவி கூறுகிறார். எடுத்ததும் அவரேதான் பேசுவார். அழைக்கும் அம்மணிக்கு ஒன்றே ஒன்றை மட்டும் தாங்கள் சொல்லி வைக்க வேண்டும்: தொடங்கும்போது நலம் விசாரிக்க வேண்டாம்.

தங்கள் அழைப்பை எதிர்பார்த்து,

இப்படிக்கு,
அ. கோவிந்தராஜுலு
(மனுதாரரின் தந்தை)

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 09.03.2026

இணைப்பு: இறப்புச் சான்றிதழ் நகல்.