சுடலை வீதி போட்ட அக்காவுக்கு

என் அருமை அக்கா,

வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் முருங்கை காய்த்துக் கொட்டுகிறது. பிடுங்கிக் கொடிகாமம் சந்தைக்கு அனுப்ப அத்தானுக்கு மனம் வரவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

நான்தான் களைத்துப்போனேன். உங்களுக்குப் பிறகு வட்டாரத்துச் சனம் என்னைப் பிரதேச சபைக்கு அனுப்பியது. வெறும் உறுப்பினர்தான்; சபையை நடத்தும் தவிசாளர் கதிரை திரும்பவும் ஆண்களிடமே போய்விட்டது. நான் வாய் திறந்தாலே எல்லோருக்கும் தேத்தண்ணி நினைவு வந்துவிடுகிறது. எத்தனை நாளைக்கு அக்கா இப்படி?

விலகிவிடுவது என்ற முடிவோடுதான் நேற்றுக் கூட்டத்துக்குப் போனேன். போகும்போது ஒன்றையாவது கேட்டுவிட்டுப் போவோமே என்று, சுடலை வீதிக்கு விளக்குக் கேட்டேன். பிணம் எரித்துவிட்டுப் பொழுதுபட்டுத் திரும்புகிறவர்கள் பாம்புக்குப் பயந்து கைபேசி வெளிச்சத்தில் நடக்கிறார்கள் என்றேன். முன்வரிசையில் இருந்த மூத்த உறுப்பினர் சிரித்தார்.

“தங்கச்சி, பொம்பிளையள் நீங்கள் செத்தவீட்டுப் படலையோடை நிக்கிறனீங்கள். சுடலையிலை இருட்டோ வெளிச்சமோ எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?”

சபையே சிரித்தது. விளக்கை ஒத்திவைத்தார்கள்.

இதே கேள்வியை உங்களிடமும் கேட்டார்கள் அல்லவா? அப்போது நீங்கள் எங்கள் சபையின் முதல் பெண் தவிசாளர். சுடலைக்கு வீதியே இல்லாத காலம்; நீங்கள் வீதி கேட்டீர்கள். மாரியில் பாடை தூக்கியவர்கள் வயல் வெள்ளத்தில் இடுப்பளவு இறங்கி நடந்தார்கள். நீங்கள் கோபப்படவில்லை. “ஓம் அண்ணை, எனக்குத் தெரியாதுதான். நாளைக்குக் காலமை போய்ப் பாத்திட்டு வாறன்” என்றீர்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போயும் வந்தீர்கள். தலை முழுகும்வரை அம்மா உங்களை வீட்டுக்குள் விடவில்லை. ஊர் கதைத்த கதையைக் கேட்டு நான்தான் அழுதேன். நீங்களோ அந்தச் சேலையைத் தோய்க்காமல், சேற்றுக்கறையோடு அடுத்த கூட்டத்துக்கு உடுத்திப் போனீர்கள். வீதி வந்தது.

உங்களைக் கொண்டுபோன அன்றும் நல்ல மழை. நாங்கள் பெண்கள் வழக்கம்போல வாசல் படலையோடு நின்றுவிட்டோம். “ஒருத்தற்றை காலும் புதையேல்லை” என்று அத்தான் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் போட்ட வீதியில் உங்களோடு கடைசிவரை வர எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே. என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை, அக்கா. பிறகு ஏன் நின்றேன்?

நாளை காலை போகிறேன். எங்கெங்கே விளக்கு வேண்டுமென்று நடந்து பார்த்து வந்து அடுத்த கூட்டத்தில் சொல்வேன். விலகுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

போய்விட்டுத் திரும்பி வருவோம் என்று பொருள்படுமென்று, செத்தவீட்டில் யாரும் ‘போட்டு வாறன்’ என்று சொல்லி விடைபெறுவதில்லை. பேசாமல் எழுந்து போவதுதான் வழக்கம். சுடலையில் கேட்கவே வேண்டாம். ஆனால் உங்களை எரித்த இடத்தில் நின்று நான் அதை வாய்விட்டுச் சொல்லத்தான் போகிறேன். அந்த வீதியில் விளக்கு எரியும்வரை நான் திரும்பத் திரும்ப வரவேண்டுமே.

போட்டு வாறன், அக்கா.

களைத்தாலும் உங்கள்
தங்கச்சி