நஜீப் இன்னும் லைனில் நிற்கிறான்

அண்ணை,

இன்று காலை தேத்தண்ணி ஆறுவதற்குள் உங்கள் போன் மறுபடி அடித்தது. உங்கள் செத்தவீடு முடிந்த கையோடு அண்ணி அதை என்னிடம் தந்துவிட்டார். "உதை நீரே வச்சிரும். அவன் கோல் எடுக்கேக்க என்னால தாங்கேலாது" என்றார். அவன் என்றால் நஜீப், காபூல் ஆசுபத்திரியில் நீங்கள் வேலை பழக்கிய மெக்கானிக். நீங்கள் இல்லை என்று சொன்னபோது அழுதான். ஆனாலும் கோல் எடுக்கிறான். வேறு நம்பர் அவனிடம் இல்லை.

படையோடு அங்கே போன நாடுகள் பிள்ளைகள் வார்டுக்கு ஓர் ஒக்சிசன் இயந்திரம் கொடுத்தன. அதைப் பூட்டி இயக்கத்தான் விற்ற கொம்பனி உங்களை அனுப்பியது. திறப்பு விழாவுக்கு ரிப்பன், கத்தரிக்கோல், கமராக்காரர் எல்லாம் பிளேனில் வந்ததாகச் சொல்லிச் சிரித்தீர்கள். படை கிளம்பியதும் கொம்பனியும் கைகழுவிவிட்டது. காற்றை வடிகட்டும் ஒரு பில்ரர் அனுப்ப நாதியில்லை.

பிறகு இங்கே சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டிலிருந்தே நீங்கள் அந்த இயந்திரத்துக்கு வைத்தியம் பார்த்தீர்கள். நஜீப் போனை இயந்திரத்தருகே பிடிப்பான். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டு, எந்த வால்வைத் திருகவேண்டும் என்று சொல்வீர்கள். ஒருநாள் பேசி முடித்ததும் மேசையில் ஓங்கி அடித்தீர்கள். "எங்கட ஊருக்கும் ஒரு ஆமி வந்தது, போனது. போகேக்க ஆராவது திரும்பிப் பாத்தவனே? வாறதுக்கு மட்டும் இவங்களுக்கு அவசரம்!"

இன்று போனில் அந்த இயந்திரம் இழுத்து இழுத்து மூச்சுவிட்டது. எனக்கு வால்வும் தெரியாது, பில்ரரும் தெரியாது. கோபம் பற்றிக்கொண்டு வந்தது. லைனை வெட்டாமலே மிசிசாகாவில் இருக்கும் கொம்பனிக்குக் காரை விட்டேன்.

அங்கே மனேஜர் சென்னைக்காரர். "சாரி சார், அந்த நாட்டோட நமக்கு இப்ப காண்ட்ராக்ட் இல்லீங்க" என்றார். வெட்கங்கெட்ட பதில். விற்கும்போது இருந்த நாடு இப்போது எங்கே போய்விட்டது?

நான் போனை நீட்டினேன். "உதை அவனுக்கு நீங்களே சொல்லுங்கோ. லைனிலதான் நிக்கிறான்."

இயந்திரம் திணறுவது அந்த அறை முழுக்கக் கேட்டது. மனேஜர் இரண்டு கைகளையும் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டார்.

"அண்ணை?" என்றான் நஜீப். அந்தச் சொல்லும், சரி என்பதற்குச் சொல்லும் 'ஓம்' என்பதும் அவன் உங்களிடம் பழகிய தமிழ். இப்போது அவன் கூப்பிட்டது என்னை.

"ஓம்" என்றேன். மனேஜரின் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, போனை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.