மூக்குத்தியைக் கூப்பிட்டவள்

நாள் 171. 14 நவம்பர் 2058. 09:10

நீலாங்கல் பார் கடலடி நிலையம், மன்னார் வளைகுடா. ஆழம் 28 மீட்டர். பணியில் ஒருவர்: டாக்டர் ஆதிரை. உடன் வேலை செய்பவர் புயல் எச்சரிக்கை வந்ததும் மேலே போய்விட்டார். நான் பிடிவாதமாகத் தங்கிவிட்டேன்.

காற்று வடிகட்டி சரி. மின்கலம் 91 சதவீதம். கண்ணாடிக் கூடத்தின் வெளிப்புறம் பாசி படிந்திருக்கிறது, துடைக்க வேண்டும். நேற்று முன்தினம் வந்த விருந்தினர் ஆறு பேர். கண்ட புலிச்சுறாக்கள் நான்கு. போட்ட இரை: இல்லை.

பிற்பாடு யாராவது படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். இங்கே மூன்று விதிகள். இரை போடக்கூடாது, தொடக்கூடாது, துரத்தக்கூடாது. சுறா வந்தால் பார்க்கலாம். வராவிட்டால் கிளிமீனைப் பார்த்துவிட்டு வீடு போய்ச் சேரலாம். விருந்தினர் கட்டணத்தில்தான் ரோந்துப் படகு ஓடுகிறது. ரோந்து ஓடுவதால்தான் இந்தப் பாரில், இந்தக் கடலடிப் பாறைத்திட்டில், பதினொரு புலிச்சுறாக்கள் உயிரோடு இருக்கின்றன. விருந்தினரை அழைத்து வரும் வழிகாட்டிகள் எல்லோரும் ஒரு காலத்தில் இதே சுறாக்களுக்குத் தூண்டில் போட்டவர்கள். அவர்களுக்கு மூத்தவர் தஸ்நேவிஸ் அண்ணாச்சி.

அண்ணாச்சி எனக்கு வைத்த பட்டப்பெயர் கடல்கட்டி. முத்துக்குளித்த காலத்தில், மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிற ஆளை அப்படி அழைப்பார்களாம். அவர் வரச் சம்மதித்தால்தான் குளியாட்கள் கடலில் இறங்குவார்களாம். நான் கரூர்க்காரி. பன்னிரண்டு வயதில்தான் கடலையே பார்த்தேன். பெயரைக் கேட்டு உச்சி குளிர்ந்து போனது உண்மை.

14 நவம்பர். 16:40

காலையில் 'இரை: இல்லை' என்று எழுதினேன். ஐந்து மாதமாக அப்படித்தான் எழுதுகிறேன். அது பொய்.

ஜூனில் மூன்று வாரம் ஒரு சுறாகூட வரவில்லை. விருந்தினர் முகம் சுளித்தார்கள், முன்பதிவு நின்றது, ரோந்துப் படகைக் கட்டிப்போடுவதாகப் பேச்சு வந்தது. அன்று சமையலறையில் மிஞ்சிய சூரைமீன் தலைகளைக் கழிவுக்குழாய் வழியே வெளியே தள்ளினேன். தள்ளும் முன் நீரடி ஒலிபெருக்கியில் ஒரு தாழ்ந்த அதிர்வை மூன்று முறை விட்டு விட்டு ஒலித்தேன். இரண்டையும் சுறா சேர்த்துப் புரிந்துகொள்கிறதா என்று பார்க்கிற ஆசை. ஆராய்ச்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் வந்தது மூக்குத்தி. மூக்கின் இடப்பக்கம் வெள்ளைத் தழும்புள்ள பெண் சுறா, நாலு மீட்டர் நீளம். பெயர் வைத்தவர் அண்ணாச்சி. பத்து நாளில் மற்றவையும் பழகிவிட்டன. இப்போது தலைகூட வேண்டாம், ஒலித்தாலே ஏழு நிமிடத்தில் வந்து நிற்கின்றன. அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் விருந்தினரிடம், "நாங்க எதையும் போடுறதில்ல சார், அதுவாத்தான் வருது," என்று மார்தட்டுவார். நான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்பேன்.

15 நவம்பர். 11:20

மேலே புயல் கரையைக் கடந்துகொண்டிருக்கிறது. இங்கே மணல் மட்டும் கலங்கியிருக்கிறது.

நீரடி ஒலிவாங்கியில் என் அழைப்பு கேட்கிறது. மூன்று அதிர்வு, இடைவெளி, மூன்று அதிர்வு. ஒலிபெருக்கியைச் சோதித்தேன். அணைந்திருக்கிறது. மின்கம்பியையே பிடுங்கிவிட்டேன். இன்னும் கேட்கிறது.

வடக்கே, நான்கு கிலோமீட்டர். திரையில் சுறாக்களின் பதினொரு புள்ளிகளும் வடக்கே நகர்கின்றன.

15 நவம்பர். 15:05

ஒவ்வொரு சுறாவின் முதுகுத் துடுப்பிலும் ஒரு டேக் இருக்கிறது. ஆழமும் வெப்பமும் அனுப்பும். எண் 6: ஆழம் 20, 9, 0. வெப்பம் 28, 28, 33. கடல் இன்று 33 டிகிரி இல்லை. அது திருட்டுச் சுறா வேட்டைக்காரர்களின் படகு, எஞ்சின் சூடேறிய மேல்தளம்.

எண் 9-உம் அப்படியே.

எப்படித் தெரிந்தது அவர்களுக்கு என்று இரண்டு மணி நேரம் தேடினேன். செப்டம்பரில் வந்த ஒரு விருந்தினரின் வீடியோ. மூக்குத்தி வருவதற்கு ஏழு நிமிடம் முன்பிருந்தே பதிவு ஓடுகிறது. என் அதிர்வு தெளிவாகக் கேட்கிறது. வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார், 'அது என்ன டொம் டொம் சத்தம்?' யாரோ பதிலைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வடக்கே படகு நிற்பதைச் சொன்னதும் கரையிலிருந்து அண்ணாச்சியின் செய்தி:

"டாக்டரம்மா, காத்து இன்னும் அடங்கல. ரோந்துப் போட்டும் துறைமுகத்துக்குள்ளதான் கெடக்கு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் எறக்க முடியாது. அந்தப் பயலுவ இரும்புப் படகு வச்சிருக்கானுவ, அதான் இந்த அலையிலயும் வந்துட்டானுவ. நம்ம மீனு எப்படி அங்க போச்சு?"

'நீரோட்டம் மாறியிருக்கலாம்' என்று பதில் அனுப்பினேன். இதைக்கூடப் பொய்யாகத்தான் அனுப்பினேன். சீ.

16 நவம்பர். 07:30

விடிந்ததும் என் ஒலிபெருக்கியை மறுபடி இணைத்து முழுச் சத்தத்தில் வைத்தேன். மிஞ்சிய ஒன்பதும் திரும்பின. உறைபெட்டியில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். என் சாப்பாட்டையும் கொட்டினேன். தின்றுவிட்டுக் கூடத்தைச் சுற்றின. வடக்கே இருந்து அவர்கள் அழைத்ததும் மறுபடி தலைகள் அந்தப் பக்கம் திரும்பின.

இப்படியே இழுத்துக்கொண்டிருக்க முடியாது. நான் கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் பாடம் இன்னும் அழுத்தமாகப் பதிகிறது. பாடத்தை மாற்றவேண்டும். அந்தச் சத்தம் வந்தால் வலிக்கும் என்று அவை தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடத்தைச் சுற்றி மின்வளையம் இருக்கிறது. விருந்தினர் நீந்தும்போது சுறா நெருங்கினால் லேசாகச் சுண்டிவிட. அளவு ஒன்றிலிருந்து பத்து. நாங்கள் இரண்டைத் தாண்டியதில்லை.

16 நவம்பர். 10:15

முதலில் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சூரைமீன் தலை, அதிர்வு, ஐந்து மாதப் பொய்க்கணக்கு, இனி மின்வளையத்தால் செய்யப்போவது எல்லாம்.   பதில் வந்தது:

"எங்களுக்குத் தெரியும்மா. முப்பது வருசம் சுறாத் தூண்டி போட்டவன் நான். மீனு தானா வருதா, கூப்பிட்டு வருதான்னு தெரியாதா? வந்து நின்னுக்கிட்டு உங்க கொழாய் வாயவே பாக்குமே. பொழப்பு நல்லா ஓடுது, டாக்டரம்மாவே செய்றாங்க, நமக்கென்னன்னு வாய மூடிக்கிட்டோம். அந்தக் காசுலதான் எம்மவ படிக்கிறா. ஒங்கள மட்டும் என்னத்தச் சொல்ல."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று:

"செய்றதச் சீக்கிரம் செய்யுங்க. மூக்குத்தி வயித்துல குட்டி இருக்கு. அதையாவது காப்பாத்திருங்க."

16 நவம்பர். 13:25

செய்துவிட்டேன்.

அழைத்தேன். வந்தன. அளவு எட்டு. எண் 2 அப்படியே விறைத்து, புரண்டு, மணலில் மோதியது. எண் 4 தன் வாலையே கடிக்கப் போனது. மறுபடி அழைத்தேன். ஐந்து மட்டும் வந்தன. மறுபடி அளவு எட்டு. மூன்றாவது முறை இரண்டு. நான்காவது முறை மூக்குத்தி மட்டும்.

மற்ற எட்டும் கிழக்கே ஆழத்துக்குப் போய்விட்டன. மூக்குத்தி போகவில்லை. அடி வாங்கிய இடத்திலேயே சுற்றிக்கொண்டு, கழிவுக்குழாயின் வாயில் மூக்கை வைத்துத் தேய்க்கிறது. வயிறு பருத்திருக்கிறது. போன மாத ஸ்கேனில் முப்பதுக்கும் மேல் குட்டிகளை எண்ணினோம். விருந்தினர் கைதட்டினார்கள்.

நான்கு முறையும் எட்டு வைத்ததாக மேலே எழுதியிருக்கிறேன் போலத் தெரிகிறது. இல்லை. மற்றவற்றுக்கு எட்டு. மூக்குத்தி வளையத்துக்குள் நுழைந்தபோதெல்லாம் அதன் பக்கத்து மின்தகட்டை மூன்றுக்குக் குறைத்தேன். குட்டிகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். இனிப் பொய் எழுதுவதில்லை.

16 நவம்பர். 14:50

மின்கலம் 9 சதவீதம். வளையம் எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டது. மிச்சம் காற்று வடிகட்டிக்கு வேண்டும். அழைக்கவும் முடியாது, அடிக்கவும் முடியாது.

ஐந்தாம் முறை தேவைப்படவில்லை. மூக்குத்தி மெல்லத் தெற்கே நகர்ந்துவிட்டது. 600 மீட்டர். 900. போ. போய்விடு.

அண்ணாச்சி: "அலை கொறையுது. நாலு வள்ளம் கெளம்பிட்டோம். ஒண்ணர மணி நேரத்துல வந்துருவோம்."

16 நவம்பர். 15:20

வடக்கே ஒலிக்கிறது. மூன்று அதிர்வு, இடைவெளி, மூன்று.

எட்டுப் புள்ளிகளும் சத்தம் கேட்டதும் சிதறி இன்னும் கிழக்கே ஓடுகின்றன. பலித்துவிட்டது.

மூக்குத்தி நின்றிருக்கிறது.

15:26

திரும்பிவிட்டது. நிலையத்தின் பக்கம் வருகிறது.

15:34

கண்ணாடிக்கு அருகே கடந்து போனது. நிற்கவில்லை. கையால் அடித்தேன், ஸ்பேனரால் அடித்தேன், கத்தினேன். மூக்குத்தி என்று பெயரைச் சொல்லிக் கத்தினேன். அதற்கு அந்தப் பெயர் தெரியாது. நான் கற்றுக்கொடுத்த சத்தம்தான் தெரியும்.

15:58

அண்ணாச்சிக்கு இடத்தைச் சொன்னேன். "இன்னும் அர மணி நேரம்மா" என்றார்.

மூக்குத்தியின் டேக்: ஆழம் 22.

16:03

ஆழம் 11. வெப்பம் 28.

16:09

ஆழம் 0. வெப்பம் 28.

16:14

32.

16:21

19. துடுப்பை மட்டும் வெட்டி உறைபெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

16:30

4.

வள்ளங்கள் போய்ச் சேரவில்லை. இரும்புப் படகு கிளம்பிவிட்டதாம். அண்ணாச்சி அழுகிறார். எனக்குக் கேட்கட்டும் என்று தன் ஒலிவாங்கியை அணைக்காமல் விட்டிருக்கிறாரா, மறந்துவிட்டாரா தெரியவில்லை.

16:42

−7. சமிக்ஞை விட்டு விட்டு வருகிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: அளவைக் குறைக்காமல் அடித்த எட்டும் பிழைத்துவிட்டன. நான் இரக்கப்பட்டது ஒன்றுக்கு மட்டும்.

16:49

−15.