அக்கா பதில் சொல்லாத கேள்வி

வியாழக்கிழமை, இரவு

இதழியல் வகுப்புக்கான ஒலிப்பேட்டியை நாளைக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்காகத்தான் நேற்று பகலில் எதிர்வீட்டுக் கோமதியக்காவிடம் பேசினேன். அவர் கணவர் போன மாதம் இரும்பு ஆலையில் மெஷினில் சிக்கி இறந்துபோனார். மெஷினை நிறுத்தும்படி அவர் சொல்லவே இல்லை என்கிறது ஆலை.

"மாமா நிறுத்தச் சொல்லியிருப்பாராக்கா?" என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. கதவு சாத்திய அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

இன்று காலை கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறியதும் ஹெட்போன் மாட்டி அந்தப் பதிவைக் கேட்டேன். அந்த மௌனத்தில் ஓர் ஆண் குரல் மெதுவாகச் சொன்னது: "நிறுத்த சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன்." பொன்னேரி தாண்டும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். பல்கலைக்கழகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் அக்காவிடம் ஒன்றும் விளக்காமல் ஹெட்போனைக் கொடுத்தேன். அவர் அழவில்லை.

"அவருதான். சளி புடிச்சிக்கினு கீது அவருக்கு," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத மட்டும் வெட்டிடாத பாப்பா. என்னாண்ட சொல்லாம உன்னாண்ட சொல்லிக்கீறாரு."

யாரென்று தெரியாத குரலைப் பேட்டியில் சேர்க்கக் கூடாது என்று வகுப்பில் மேடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இது யாரென்று தெரியும். பேசியவர்கள் என்ற இடத்தில் அக்கா பெயருக்குக் கீழே மாமா பெயரையும் எழுதி, எதையும் வெட்டாமல் அனுப்பிவிட்டேன்.

இன்று விளக்கை அணைக்காமலே படுக்கிறேன்.