வானதிக்கு வராத காய்ச்சல்

அன்பு மகன் பரணிதரனுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலையும் என் வாயையும் தவிர இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் தங்கை வானதி காதில் விழும், நடுநடுவே நீ சிரிப்பாய், நானும் சேர்ந்து சிரித்துவிட்டு என் பங்கை மட்டும் விழுங்கிவிடுவேன். அதனால்தான் எழுதி, அங்கே வரும் வஹாப் அண்ணன் மகன் அப்சர் கையில் நார்த்தங்காய் ஊறுகாயோடு கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயைப் பிறகு திற, இதை முதலில் படி.

வானதி கணக்கில் மாவட்டத்திலேயே முதலிடம் என்று உன் அப்பா போட்டோ அனுப்பினாரே, நீயும் நம்ம வானதியா என்று மூன்று முறை கேட்டாயே, உன் சந்தேகம் சரிதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க மாவட்டம் முழுக்க ஓர் அடைவுத் தேர்வு வைத்தார்கள். பாடத்துக்கு நாற்பது கேள்வி, நான்கு விடையில் ஒன்றைக் கருப்பாக்க வேண்டும், அவ்வளவுதான். யார் எழுதுவது என்பதைப் பள்ளிக்கூடம் முடிவு செய்ய முடியாது, பள்ளிக்கு முப்பது பேரைக் கம்ப்யூட்டரே பொறுக்கும். கம்ப்யூட்டருக்கு நம் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும், வானதியைப் பொறுக்கிவிட்டது. முந்தின நாள் ஹெச்.எம். எனக்கு போன் செய்து, வானதிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன், நாளைக்கு அனுப்பாதீர்கள், நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்று அவ்வளவு அக்கறையாகச் சொன்னார். வானதி அப்போது என் எதிரில் உட்கார்ந்து மூன்றாவது தோசையைத் தின்றுகொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. போன வருஷம் நம் பள்ளி கடைசியில் வந்ததற்கு அந்த மனுஷனை மாவட்டக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிற்க வைத்தார்களாம், பாவம்தான். ஆமாங்க சார், நல்ல காய்ச்சல் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் அவளை வீட்டில் நிறுத்தி முருங்கைக்கீரை ஆய வைத்தேன். உன் அப்பா நாகப்பட்டினத்தில் அத்தை வீட்டுக் காதுகுத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது, நானும் சொல்லவில்லை.

அன்றைக்கு நம் பள்ளியில் மட்டும் ஏழு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். காலியான ஏழு இடத்திலும் கம்ப்யூட்டர் பொறுக்காத கெட்டிக்காரப் பிள்ளைகளை ஹெச்.எம். உட்கார வைத்திருக்கிறார். மேற்பார்வைக்கு வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள், முகம் தெரியாது. வானதி பெயரில் எழுதியது அவள் கூட்டாளி நிலோஃபர், தையல்கடை பக்கீர் முகம்மது பாய் மகள். அந்தப் பெண்ணுக்குத் தப்பாக எழுதத் தெரியாது, அதுதான் வினை. கணக்கில் நாற்பதுக்கு நாற்பது. ஹெச்.எம். ஆசைப்பட்டது நடுவில் எங்காவது ஓர் இடம், கிடைத்தது மாவட்ட முதலிடம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், குரங்கு பிடிக்கப் பிள்ளையார் ஆனதை நான் இப்போதுதான் பார்த்தேன்.

உன் அப்பாவைக் கேட்க வேண்டுமா. எங்கள் வம்சத்து மூளை என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் டெல்டாவின் கணித மேதை என்று பத்தடி நீளத்துக்கு ஒரு பிளெக்ஸ், அதில் வானதி படத்தைவிட அவர் படம் பெரிசு. வேளாங்கண்ணி வரைக்கும் போய் மெழுகுவர்த்தி வேறு ஏற்றிவிட்டு வந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், என்னால் அது முடியும் என்று எனக்கே தெரியாது. பிளெக்ஸ் ஏறிய நாளிலிருந்து நிலோஃபர் பஸ்ஸில் வானதி பக்கத்தில் உட்காரவில்லை. வானதியும் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை கேடயம் கொடுக்கும் விழா, அதற்கு முன்னால் முதலிடம் வாங்கிய பிள்ளை போர்டில் ஒரு கணக்குப் போடுவதை வீடியோ எடுப்பார்கள் என்று தகவல் வந்ததும், புதன்கிழமை சாயங்காலம் ஹெச்.எம். வியர்த்து வடிய நம் வீட்டுக்கு வந்தார். பாப்பாவுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தால் தேவலை, கேடயத்தை அம்மாவே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் எந்தப் புடவை கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன். அப்போது வானதி உள்ளேயிருந்து வந்து நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. "எனக்குக் கணக்கு வராதுன்னு சார் நெனச்சாங்க, சரி. நீயும் அப்படித்தான் நெனச்சியாம்மா? போய் எழுதிப் பாருடின்னு நீயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். என் வாய்க்கு இந்தத் தெருவே பயப்படும், அன்றைக்கு ஹெச்.எம்.மை அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்பத்தான் அந்த வாய்க்குத் தெரிந்தது. அவ்வளவு வெட்கமாக இருந்தது பரணி, பெற்றவளே பிள்ளையைக் கழித்துக் கட்டிவிட்டேனே என்று.

விடிந்ததும் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, அப்போ பிளெக்ஸ் என்ன ஆவது என்று. அது இப்போது களத்தில் கிடக்கிறது, குறுவை நெல்லில் ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டார்கள், அவர் முகத்தின் மேலேயே நெல்லைப் பரப்பிக் காயவைக்கிறோம். வியாழக்கிழமை நானும் வானதியும் நிலோஃபரும் பக்கீர் பாயும் பஸ் ஏறிக் கல்வி ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி அம்மாவிடம் என் பொய்யிலிருந்து ஆரம்பித்து ஒப்பித்தேன். அந்தம்மா கொஞ்சமும் திடுக்கிடவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இவ்வளவு காய்ச்சல் அடித்தும் சுகாதாரத் துறைக்குத் தெரியாமல் போனதே என்றார். ஹெச்.எம்.முக்கு மெமோ போயிருக்கிறது, என்னைக் கண்டால் அவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொள்கிறார். கேடயம் இரண்டாவதாக வந்த பையனுக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர் பொறுக்காத பிள்ளைக்குக் கொடுக்க விதி இல்லையாம், நிலோஃபருக்கு ஒன்றும் இல்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த தடவை என் மகளை அவள் பெயரிலேயே உட்கார விடுங்கள் என்று மட்டும் பாய் சொன்னார்.

நாங்கள் கிளம்பும்போது வானதி அந்த அதிகாரியிடம், கேள்வித்தாள் ஒன்று மிச்சம் இருக்கிறதா மேடம், நான் எழுதுகிறேன் என்றாள். அறிவியல் இன்னொரு நாள் என்று அந்தம்மாவும் நானும் ஒரே மூச்சில் சொன்னோம். கணக்கை மட்டும் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதினாள், நான் வெளியே செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் வாங்கிய மார்க் நாற்பதுக்குப் பதினேழு. கண்ணை மூடிக்கொண்டு கருப்பாக்கினாலே பத்து வரும் என்று நிலோஃபர் சொன்னாள், அப்போ நான் போட்டது ஏழுதான் என்று வானதி கழித்துச் சொன்னாள், சரியாகத்தான் கழித்தாள். திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து பதினெட்டாவது கேள்விக்கு ஒரத்தநாடு வரைக்கும் சண்டை போட்டார்கள். வீட்டுக்கு வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்வாள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. இனிமேல் எனக்காக யார் போன் செய்தாலும் என்னைக் கேட்டுவிட்டுப் பதில் சொல் என்றாள். நியாயம்தானே.

எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்துக்கொள், மழையில் நனைந்து வேலைக்குப் போகாதே. எல்லா நலமும் பெற்று நீ நீண்ட நாள் வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்று மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எத்தனை மார்க் என்று நீயே வானதியிடம் கேள், பதினேழு என்று சொன்னால் சிரிக்காதே. கேடயத்துக்கு என்று ஷோகேசில் அப்பா ஒதுக்கிய இடத்தில் அந்த விடைத்தாளை வைத்திருக்கிறேன். மேலே பெயர் என்ற கட்டத்தில் வானதி என்று அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
கலைமகள்