முன் சக்கரத்து மூடி

குட்டிம்மா,

பத்து மணி இன்டர்வியூவுக்கு உன் சைக்கிள் தயார். "வால்வே காத்தைப் பிடிச்சு வெச்சுக்குது, அதுக்கு மேல தொப்பி எதுக்கு?" என்று முன் சக்கரத்து வால்வு மூடியைக் கழற்றி எறிந்த மேதாவி நான்தான். காலையில் பம்பை மாட்டினேன். வால்வில் அடைந்திருந்த மண் அதன் உள் ஊசியில் சிக்கி, மொத்தக் காற்றும் புஸ். ஊதி ஊதிச் சுத்தம் செய்து மறுபடி அடித்தேன்.

பிறகு, நீ பின் சக்கரத்தில் போட்ட மூடியைத் திறந்தேன். வெளியே மூன்று மாதச் சேறு. உள்ளே வால்வின் பித்தளை புத்தம் புதிதாய் மின்னுகிறது. பட்டாணி அளவு பிளாஸ்டிக்!

முட்டை அடுப்பின்மேல். சாவி உன் ஷூவுக்குள்.

அப்பா

பி.கு: முன் சக்கரத்தில் இப்போதிருப்பது என் சைக்கிளின் மூடி. மூடியில்லாத வண்டியை எடுக்கத் தைரியமில்லை, பஸ்ஸில் போகிறேன்.

சாயங்காலம் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு தடவை சொல்லிவிடு. நம் மூடிச் சண்டைக்குப் பிறகு இரண்டு நாளாக வீடு ரொம்ப அமைதி.